விளையாட்டு நோட்டும் கல்லாப்பெட்டியும்

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் மாலை நெரிசலில் வாங்கிப் போட்ட ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றில், ‘சில்ட்ரன் பேங்க் ஆஃப் இந்தியா’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதை இரவு கணக்கு முடிக்கும்போதுதான் கண்டோம். வங்கியில் மாற்ற முடியுமா? இதை வைத்திருப்பதே குற்றமா?

பதில்: மாற்ற முடியாது, அது குழந்தைகள் விளையாடுவதற்காக அச்சிடப்பட்ட தாள். ஏமாந்துவிட்டோமே என்று கூச்சப்படவும் வேண்டாம். 2017 பிப்ரவரியில் டெல்லி சங்கம் விஹாரில் உள்ள ஸ்டேட் வங்கி ஏடிஎம் ஒன்றிலிருந்தே, வரிசை எண்ணுக்குரிய இடத்தில் வெறும் சுழியங்களைத் தாங்கிய இதே வகை இரண்டாயிரம் ரூபாய்த் தாள்கள் வந்தன. இயந்திரத்தில் பணம் நிரப்பும் பணியில் இருந்த ஒருவரைக் காவல்துறை கைது செய்தது.

தெரியாமல் வாங்கி வைத்திருப்பது உங்களைக் குற்றவாளி ஆக்காது. ஆனால், நட்டத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிடலாம் என்று மற்ற நோட்டுகளுக்கு நடுவே மடித்துக் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின்படி, ஏமாற்றும் நோக்கம் இருந்தால், போலி அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போலி நோட்டைத் தெரிந்தே நல்ல நோட்டாகப் புழக்கத்தில் விடுவோருக்கு 179ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது. பணத்தாளைப் போன்ற தாளை அச்சிடுவோருக்கோ 182ஆம் பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் 300 ரூபாய்தான். இத்தகைய தாள்கள் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குவதில் வியப்பென்ன?

நெரிசல் நேரத்தில் மடித்துக் கொடுக்கும் நோட்டைப் பிரித்துப் பார்க்காமல் கல்லாவில் போடாதீர்கள். நல்ல ஐந்நூறு ரூபாய் நோட்டில் காந்தியின் படமும் அசோகத் தூண் சின்னமும், இரு ஓரங்களிலும் உள்ள ஐந்தைந்து கோடுகளும் விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்படும். நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும்.

கேள்வி: நான் கட்டிய பணத்தில் ஒன்று கள்ளநோட்டு என்று சொல்லி வங்கிக் காசாளர் எடுத்துக்கொண்டார். திருப்பிக் கேட்கலாமா?

பதில்: உண்மையான கள்ளநோட்டு (சொல்லே விநோதமாகத்தான் இருக்கிறது!) என்றால் கேட்க முடியாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, காசாளர் அதன்மேல் முத்திரை குத்திப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கான தொகை உங்கள் கணக்கில் சேராது. ஒரே பரிவர்த்தனையில் நான்கு நோட்டுகள் வரை இருந்தால் மாதாந்தர அறிக்கையில் காவல்துறைக்குத் தெரிவிப்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உடனே புகார் போகும். ஒப்புகைச் சீட்டு தந்தாரா என்று பாருங்கள்; நீங்கள் அதில் கையெழுத்திட மறுத்தாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.