பழைய காப்பருக்கு எதுக்கு தனிக் கணக்கு?

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறைல எங்க சித்தப்பா ஆக்ரி கடை, அதாவது பழைய சாமான் வாங்கற கடை வச்சிருக்கார். நாட்டுல பழைய காப்பர் எங்க எவ்வளவு இருக்குன்னு தனிக் கணக்கு வேணும்னு செம்பு பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி மூணும் கவர்மெண்ட்ல இருக்கே, கூட்டிக் கழிச்சா போதாதா? பழசு எங்க எவ்வளவு கெடக்குன்னு தனிக் கணக்கு எதுக்கு? அப்புறம் ஒயரை எரிச்சு காப்பர் எடுக்கறது தப்பா?

தம்பிக்கு,

நீ சொல்ற கூட்டல் கழித்தல்ல இந்த வருஷம் உள்ள வந்த காப்பர் தெரியும், அவ்வளவுதான். அது மோட்டார்ல உக்காந்துச்சா, வீட்டு ஒயரிங்ல போச்சா, எப்ப வெளிய வரும், எதுவும் தெரியாது. இன்னைக்கு உங்க சித்தப்பா தராசுல ஏறுற காப்பர் பத்து இருபது வருஷம் முன்னாடி யாரோ வாங்கினது. அப்ப நாட்டுக்கு 20 டன் போதும், இப்ப 100 டன் வேணும்னு வச்சுக்கோ, அந்த 20ஐயும் ஒரு கிராம் விடாம பொறுக்கினாக்கூட இன்னைய தேவைல அஞ்சுல ஒரு பங்குதான் வரும். அதைப் பாத்துட்டு நம்மாளுங்க சரியா சேகரிக்கறதில்லைன்னு பழி போடறது அநியாயம். ஃபேக்டரில வெட்டி விழற துண்டையும் இதோட சேர்க்கக் கூடாது, அது யார் கைலயும் பொருளா போனதே இல்லை. அமெரிக்காவோட நிலவியல் ஆய்வு நிறுவனம் யுஎஸ்ஜிஎஸ், பயன்படுத்தி முடிச்சதைப் பழைய ஸ்க்ராப், ஃபேக்டரி துண்டைப் புது ஸ்க்ராப்னு ரெண்டையும் தனித்தனியாத்தான் போடுது.

எனக்கு நெஜமாவே ஆதங்கமான விஷயம் ரீவைண்டிங் கடைங்க, அதாவது மோட்டாருக்குப் புதுசா காயில் சுத்தித் தர்ற கடைங்க. மீனாட்சிபுரம் பக்கம் தென்னந்தோப்புக்காரர் போர் மோட்டார் காயில் போச்சுன்னு கொண்டு வருவார், கடைக்காரர் ஒரு பக்கம் காயிலை வெட்டி, ஸ்டேட்டர், அதாவது மோட்டார்ல சுத்தாம நிக்கற பாகத்தோட பள்ளத்துல இருந்து கொத்துக் கொத்தா உருவி, எடை போட்டு, பழைய காப்பர் வெலையைக் கூலில கழிச்சுக்குவார். நோட்டுல எத்தனை எச்பி, எத்தனை கிலோன்னு இருக்கும், மோட்டார் எப்ப வாங்கினதுன்னு கேட்டா தோப்புக்காரர் மாசத்தோட சொல்வார். கணக்கு போடறவங்களுக்கு வேணுங்கறது மொத்தமும் அங்கதான் இருக்கு, யாரும் போய் கேக்கறதில்லை.

பழைய காப்பர் விற்பனையைக் கூட்டினா கணக்கு வராதான்னா, வராது. அதே காப்பர் கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சி வந்து, கோயம்புத்தூர் போறதுக்குள்ள மூணு கை மாறும், மூணு தடவை எண்ணிடுவோம். 2024 அக்டோபர்ல இருந்து ரிஜிஸ்டர் இல்லாதவங்க கிட்ட ஸ்க்ராப் வாங்கினா ரிஜிஸ்டர் பண்ணின வியாபாரியே ஜிஎஸ்டி கட்டணும், அதனால கொஞ்சம் தடம் கெடைக்கும், ஆனா வரி பில்லுல காப்பரோட வயசு இருக்காதே. 2018ல தூத்துக்குடி ஸ்டெர்லைட் காப்பர் ஆலை மூடினப்புறம் சுத்திகரிச்ச காப்பருக்கு நாம வெளிநாட்டைப் பாத்து நிக்கறோம், இன்னும் பத்து வருஷத்துல உள்ளூர்ல எவ்வளவு வெளிய வரும்னு தெரியாம எதை நம்பி உருக்காலை போடறது?

ஒயர் எரிக்கறது வேண்டவே வேண்டாம்னு சித்தப்பா கிட்ட சொல்லு. ஒயர் மேல இருக்கற பிவிசி பிளாஸ்டிக் எரிஞ்சா டயாக்சின்னு ஒரு நச்சு வரும், பக்கத்துல இருக்கற குழந்தைங்க மூச்சுல போகும். எரிச்ச காப்பர் கருத்துப் போய் வெலையும் கொறையும், ஒயர் உரிக்கற மெஷின் ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லு.