அமெரிக்காவுல எஃப்-1 மாணவர் விசாவுல இருந்தப்ப ஃபைல் பண்ண டாக்ஸ் பேப்பரையெல்லாம் எத்தனை வருஷம் வச்சிருக்கணும்? ஊருக்குத் திரும்பும்போது தூக்கிப் போட்டுடலாமா?

போடாதீங்க. பெட்டியில இடம் இல்லைன்னா ரெண்டு ஜீன்ஸை விட்டுட்டு வாங்க, அந்த ஃபைலை மட்டும் விட்டுடாதீங்க.

நான் சிபிஏ (அமெரிக்க ஆடிட்டர்) கிடையாது, இதை முதல்லயே சொல்லிடுறேன். பொதுவா சொல்ற கணக்கு, ரிட்டர்ன் ஃபைல் பண்ண தேதியிலிருந்து 3 வருஷம். வருமானத்துல 25 சதவீதத்துக்கு மேல காட்டாம விட்டிருந்தா 6 வருஷம். ஃபைலே பண்ணலைன்னா காலக்கெடுவே கிடையாது. நெட்டுல தேடினா இதுதான் வரும், தப்பும் இல்ல. ஆனா அது அமெரிக்க வரித்துறை நம்மகிட்ட கேள்வி கேக்குறதுக்கான கணக்கு. நாம அவங்ககிட்ட பணம் கேக்க வேண்டி வந்தா என்ன பண்ணுவீங்க? எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

நான் 2015 ஆகஸ்ட்ல மாஸ்டர்ஸுக்குப் போனேன். 2017 ஆகஸ்ட்ல ஓபிடியில (படிப்பு முடிச்சு எஃப்-1லயே வேலை பாக்குற அனுமதி) வேலை, மாசம் 5,000 டாலர். 2018 அக்டோபர் 1ல இருந்து அதே கம்பெனியில எச்-1பி வேலை விசா. எஃப்-1ல வந்தவங்க முதல் அஞ்சு காலண்டர் வருஷம் வரிக்கு நான்ரெசிடென்ட் (அந்த நாட்டுல குடியிருக்காதவர்) கணக்குல வருவாங்க, அதுவரைக்கும் எஃப்-1ல இருந்தா சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டிங்கிற ஓய்வூதிய வரி 6.2 சதவீதம், மெடிகேர்ங்கிற முதியோர் மருத்துவ வரி 1.45 சதவீதம் பிடிக்கவே கூடாது. ஓபிடிக்கும் இது பொருந்தும். எங்க கம்பெனி பேரோல்ல எல்லாரையும் போல எனக்கும் முதல் மாசத்துல இருந்தே பிடிச்சுட்டாங்க. எனக்குத் தெரியல. புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு பே ஸ்டப்புல ஒவ்வொரு வரியா பாத்து சண்டை போடுவாளா? "இது கூடவா தெரியாது"ன்னு கேக்குறவங்க உங்க முதல் சம்பள ஸ்லிப்பை ஞாபகப்படுத்திப் பாருங்க.

2021 பிப்ரவரியில கூட வேலை பாக்குற ஒருத்தர் பேச்சுவாக்குல சொல்லித்தான் விஷயம் புரிஞ்சுது. 2017 பணத்தைக் கேக்க 2021 ஏப்ரல் 15 தான் கடைசி நாள். ரெண்டு மாசம் கூட இல்ல. முதல்ல கம்பெனிகிட்ட கேக்கணும், அவங்க தரலைன்னா பணத்தைத் திருப்பிக் கேக்குற ஃபார்ம் 843, கூடவே 8316, ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியா போட்டு, டபிள்யூ-2 (கம்பெனி தர்ற வருஷ சம்பள, பிடித்தக் கணக்கு), ஐ-20 (யுனிவர்சிட்டி தர்ற மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), விசா, ஈஏடி (வேலை அனுமதி) கார்டு காப்பியெல்லாம் வச்சு யூட்டாவுல இருக்குற ஆக்டன் வரித்துறை ஆபீஸுக்குத் தபால்ல அனுப்பணும். நான் மெயில் போட்டப்ப அந்தக் கம்பெனியை வேற ஒருத்தங்க வாங்கியாச்சு, பேரோல் லாகினும் செத்துப் போச்சு. பழைய ரெக்கார்டு எங்ககிட்ட இல்லைன்னு ஒத்தை வரியில பதில் வந்துச்சு.

2017க்குப் பிரச்சினை இல்ல, 1040-என்ஆர் (நான்ரெசிடென்ட் ரிட்டர்ன்) போஸ்ட்ல அனுப்பும்போது எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தேன். 2018 தான் சிக்கல். அந்த டபிள்யூ-2ல வருஷம் முழுசுக்கும் சேர்த்து 60,000னு ஒரே தொகை. எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியது செப்டம்பர் வரைக்கும் பிடிச்சது மட்டும்தான், எச்-1பி ஆனப்புறம் பிடிக்கிறது சரிதான். அதைப் பிரிச்சுக் காட்ட பே ஸ்டப் வேணும். டபிள்யூ-2 மட்டும் இருந்தா போதும்னு சொல்றவங்க இந்த மாதிரி நடு வருஷத்துல ஸ்டேட்டஸ் மாறினதில்ல போல.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. 2018 டிசம்பர்ல சென்னையில விசா ஸ்டாம்பிங்குக்கு ஆறு மாச ஸ்லிப் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். அந்த ஃபைல் கோவில்பட்டி வீட்டுலயே தங்கிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் போட்டேன், அங்க மத்தியானம். அம்மா, "பழைய பேப்பரெல்லாம் பொங்கலுக்கு முன்னாடியே எடைக்குப் போட்டாச்சேம்மா"ன்னுட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லாம பீரோவைத் திறந்தார். பத்திரத்துக்குக் கீழே பச்சை ஃபைல், மேல அவர் கையெழுத்துல "பாப்பா விசா 2018". உள்ள செப்டம்பர் 30 ஸ்லிப். "கடைசி கட்டத்துல வருஷக் கூட்டல் இருக்கு, வாசிக்கட்டுமா"ன்னு கேட்டு ஒவ்வொரு எண்ணா வாசிச்சார். சோஷியல் செக்யூரிட்டி 2,790. மெடிகேர் 652.50. அந்த ஒத்தைத் தாள் இல்லைன்னா 3,442 டாலரை நான் நிரூபிச்சிருக்கவே முடியாது. 2017க்கு 1,912 டாலர் தனி. ரெண்டும் செக்கா வந்துச்சு, நாளாச்சு, ஆனா வந்துச்சு.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்லைன்னாலும் சொல்லியே ஆகணும். என் யுனிவர்சிட்டி படிப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்ல மாணவர் ஈமெயிலை மூடிட்டாங்க. ஆன்-கேம்பஸ் வேலைக்கான டபிள்யூ-2, 8843 (மாணவர்கள் வரித்துறைக்குப் போடுற ஃபார்ம்) காப்பி, பழைய ஐ-20 எல்லாம் அதுலதான் இருந்துச்சு. கெஞ்சிக் கேட்டும் திறந்து தரல. ஆனா நன்கொடை கேட்டு என் சொந்த ஈமெயிலுக்கு இன்னைக்கும் கடிதம் வருது. லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டின பிள்ளைங்களுக்கு அந்த மெயில்பாக்ஸை இன்னும் நாலு வருஷம் விட்டு வைக்க முடியாதா? இதை நினைச்சா இன்னும் ஆத்திரமாத்தான் இருக்கு.

"எல்லாம் வரித்துறை டிரான்ஸ்கிரிப்ட்ல கிடைக்கும், எதுக்குப் பேப்பர்"னு யாராவது வருவீங்க. டபிள்யூ-2 விவரம் பத்து வருஷம் வரைக்கும் கிடைக்கும், ஒத்துக்கிறேன். பே ஸ்டப் கிடைக்காது, ஐ-20 கிடைக்காது. இந்திய மாணவர்னு ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தப்படி (ட்ரீட்டி) ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வரிக்கு முன்னாடி வருமானத்துல கழிக்கிற தொகை) எடுத்திருப்பீங்க, 2018ல அது 12,000 டாலர். அப்ப நீங்க மாணவர்தான்னு காட்டுறதுக்கும் அதே ஐ-20தான் வேணும்.

நீங்க கிளம்புற அவசரத்துல இருக்கீங்கன்னு நினைக்கிறேன். பேரோல் லாகின் உயிரோட இருக்கும்போதே ஒவ்வொரு வருஷத்தோட கடைசி ஸ்லிப்பையும், ஸ்டேட்டஸ் மாறின மாசத்து ஸ்லிப்பையும் இறக்கி வச்சுக்கோங்க. சொந்த ஈமெயில்ல ஒரு காப்பி, ஊர்ல பீரோவுல ஒரு காப்பி. அப்புறம் டபிள்யூ-2ல பாக்ஸ் 4 (சோஷியல் செக்யூரிட்டி), பாக்ஸ் 6 (மெடிகேர்) ரெண்டையும் இன்னைக்கே பாருங்க. எஃப்-1ல இருந்த மாசத்துக்கு அங்க தொகை இருந்தா அது உங்க பணம். 2023 சம்பளத்துல பிடிச்சிருந்தா 2027 ஏப்ரல் 15 வரைக்கும் கேக்கலாம்.