ஒருவர் பல்லில் வைத்துப் பார்த்த பேண்டை அடுத்தவருக்குப் போடலாமா?

பல் கிளினிக்கில் பதினோரு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் (அழுத்தமான நீராவியால் கிருமியைக் கொல்லும் மெஷின்) வைப்பது என் வேலைதான்.

உங்கள் மகளுக்குக் கிளிப் போடும்போது கடைவாய்ப் பல்லில் மூன்று பேண்டுகளை (பல்லைச் சுற்றி மாட்டும் உலோக வளையங்கள்) மாட்டிப் பார்த்துவிட்டு நான்காவதை ஒட்டினார்கள், கழற்றிய மூன்றும் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சுத்தம் செய்து திரும்ப டப்பாவுக்குத்தான் போகும். மாட்டிப் பார்க்காமல் சரியான அளவு தெரியாது. முறையாக ஸ்டெரிலைஸ் செய்திருந்தால் அடுத்தவருக்குப் போடலாம். ஆனால் பாக்கெட்டில் 2 என்ற எண்ணை வட்டத்துக்குள் குறுக்கே அடித்திருந்தால், அது ஒரே ஒருவருக்கு மட்டும்.

அந்த 'முறையாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேண்டின் பக்கத்தில் கம்பி நுழைய ஒரு சின்னக் குழாய் இருக்கும். எச்சிலும் ரத்தமும் அதற்குள் காய்ந்து ஒட்டிக்கொண்டால், நீராவியால் கிருமியைத் தொட முடியாது. அதனால் காயவிடாமல் என்சைம் கரைசலில் ஊறப்போட்டு, அல்ட்ராசோனிக்கில் (ஒலி அலையால் அழுக்கை உதிர்க்கும் தொட்டி) கழுவி, பூதக்கண்ணாடியில் ஓட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பவுச்சில், அதாவது ஆட்டோகிளேவில் வைக்கும் உறையில், போடுவேன். இப்படிக் குழாய் உள்ளவற்றுக்கு, முதலில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பி கிளாஸ் ஆட்டோகிளேவ்தான் நல்லது. 134 டிகிரி வந்த பிறகு குறைந்தது 3 நிமிடம் அதே சூட்டில் நிற்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிளையர்களை மூடியபடியே பவுச்சில் போட்டுவிட்டேன். சூடு பட்டதைக் காட்ட பவுச்சின் மேல் இருக்கும் குறியின் நிறம் அழகாக மாறியிருந்தது. டாக்டர் ஒன்றை விரித்துப் பார்த்தால், மூட்டுக்குள் பழுப்பாக ஏதோ காய்ந்து கிடக்கிறது! நல்லவேளை, யார் வாய்க்குள்ளும் போகவில்லை. அன்றிலிருந்து பிளையரை விரித்து வைத்துத்தான் கழுவுவேன், விரித்தபடியேதான் பவுச்சில் போடுவேன். நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். மெஷின் கிருமியைக் கொல்கிறதா என்று தெரிய, வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட் வைக்கிறோம்; எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பது அது.

அப்புறம், அந்த நீல விளக்குப் பெட்டி. யூவியில் (புற ஊதாக் கதிரில்) வைத்தாலே ஸ்டெரிலைஸ் ஆகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. வெளிச்சம் படாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. ஏற்கெனவே ஆட்டோகிளேவ் செய்ததை எடுத்து வைக்க மட்டும்தான் அது.

அடுத்த முறை போகும்போது, "பவுச்சை எங்கள் முன்னால் பிரிக்கிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். என்னிடம் கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவேன்.