எஸ்.ஐ. ஆக ஆசைப்படும் மகள்

கேள்வி: பி.ஏ. முடித்த என் மகள் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்கிறாள், பணம் கொடுத்தால்தான் நடக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்? - ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, "நான் வாங்கித் தருகிறேன்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். அறிவிப்பு வந்ததும் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் போதும், வயது 20-க்குக் குறையக் கூடாது. மேல் வரம்பு பொதுப் பிரிவுக்கு 30, பி.சி., எம்.பி.சி.க்கு 32, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35.

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. என்றால் 157. இதில் அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் எவ்வளவு படித்தும் பயனில்லை.

எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு, அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். நமக்குத் தெரிந்த தமிழ்தானே என்று இலக்கணத்தை விட்டுவிட வேண்டாம். அப்புறம் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். தேதி வந்த பிறகு ஆரம்பித்தால் மூச்சு வாங்கும், இப்போதே காலையில் ஓடச் சொல்லுங்கள். மதுரைக்கு வந்து போக முடிந்தால் ரேஸ் கோர்ஸ் மைதானம் இருக்கிறது.

தேர்வானால் வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி காவலர் உயர் பயிற்சியகத்தில் ஒரு வருடப் பயிற்சி. கவாத்து, துப்பாக்கி மட்டுமல்ல, சட்டமும் நிறையப் படிக்க வேண்டும், அதுவும் 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டங்கள்.