சினை பன்றிக்குப் போடுற தீவனத்தால குட்டியோட வளர்ச்சியும் கறியும் மாறுமா?

ஒரே ஈத்துல பொறந்ததுல ரெண்டு மூணு குட்டி மட்டும் எவ்ளோ போட்டாலும் தேறல, கறிக்கடைக்காரரும் கொழுப்பு ஜாஸ்தின்னு குறை சொல்றாரு, சினையில தாய்க்கு சரியா போடாததாலயான்னு கேட்டிருக்கீங்க. அதுவும் ஒரு காரணம்தான், ஆனா அது மட்டுமே இல்ல. நான் சின்னதா ஒரு வெண்பன்றி பண்ணை வச்சிருக்கேன், இதே தலைவலி எனக்கும் இருந்துச்சு.

பன்றிக்கு சினைக்காலம் 114 நாள், அதாவது மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள். நாம கறின்னு சொல்றது தசை நார் தானே, அதுல முதல் செட் நார் சுமார் 35வது நாள்ல இருந்து 55 வரைக்கும் உருவாகுது, அதுக்கப்புறம் 90 நாள் வரைக்கும் அதைச் சுத்தி ரெண்டாவது செட். எண்ணிக்கை அவ்ளோதான், பொறந்தப்புறம் இருக்கிற நார் தடிக்குமே தவிர புதுசா பெருசா ஒண்ணும் சேராது. அதனால 1 கிலோவுக்கு கீழ பொறக்குற நோஞ்சான் குட்டிக்கு நாரே கம்மி, நீங்க பின்னாடி கொட்டுற தீவனத்தை அந்தக் கொஞ்ச நார்ல எவ்ளோதான் ஏத்த முடியும், மிச்சமெல்லாம் கொழுப்பாத்தான் போகும். நாரும் ஓவரா தடிச்சிடுறதால கறி முரடா இருக்கும், வெட்டி வச்சா தண்ணி விடும்.

சரி, அப்போ தாய்க்கு ரெண்டு மடங்கு போட்டா சரியாகுமான்னு கேட்டா, நானும் அப்படித்தான் நெனச்சேன். எனக்கு ஆரம்பத்துல ஹோட்டல் வேஸ்ட் மட்டும்தான், ஒருநாள் பிரியாணி, மறுநாள் வெறும் சாம்பார் தண்ணி. வயிறு ரொம்பும், புரதம் இருக்காது. தாய் பாக்க கொழுகொழுன்னு இருந்துச்சு, குட்டி போட கஷ்டப்பட்டுச்சு, போட்டப்புறம் தீனியே எடுக்கல, பால் குறைஞ்சு அந்த ஈத்து மொத்தமும் வீணா போச்சு. ஜெர்மனில டும்மர்ஸ்டார்ஃப்ங்கிற இடத்துல இருக்கிற ஆராய்ச்சி நிலையத்துல இளம் தாய்ப்பன்றிக்கு சுமார் 6%, 12%, 30%ன்னு புரதத்தை மாத்தி மாத்தி குடுத்துப் பாத்திருக்காங்க, கம்மியானாலும் ஜாஸ்தியானாலும் ரெண்டுலயும் குட்டி எடை குறைஞ்சுது. நடுவுல தான் சரி.

இப்ப நான் தாயோட உடம்பைப் பாத்து ஒரு நாளைக்கு 2ல இருந்து 2.5 கிலோ அடர்தீவனம், தாது உப்பு கலந்து, கடைசி மாசம் அரை கிலோ கூட்டி போடுறேன். வேஸ்ட் போட்டா கொதிக்க வச்சுத்தான் (ஆப்பிரிக்கன் பன்றிக் காய்ச்சல் வந்தா பண்ணையவே மூட வேண்டியதுதான்). மக்காச்சோளம் பூஞ்சை புடிச்சிருந்தா சினைக்கு போடவே போடாதீங்க, ஒரு தடவ அப்படிப் போட்டு, பொறந்த பெண் குட்டிங்களுக்கெல்லாம் ஹீட்டுக்கு (சினைப்பருவத்துக்கு) வந்த மாதிரி பிறப்புறுப்பு வீங்கி இருந்துச்சு, நான் ஏதோ புது வியாதின்னு பயந்து டாக்டருக்கு போன் போட்டேன்.

நீங்க எவ்ளோ பாத்து போட்டாலும் 14 குட்டி இருக்கிற ஈத்துல ஒண்ணு ரெண்டு நோஞ்சான் வரும், கருப்பையில இடமும் ரத்த ஓட்டமும் எல்லாருக்கும் சமமா கிடைக்காது. அதை மொத நாளே எடுத்து மடியில சேத்து சீம்பால் குடிக்க வைங்க, ஏன்னா பன்றிக்கு வயித்துக்குள்ளயே எதிர்ப்பு சக்தி போறதில்ல, அது சீம்பால்ல தான். இரும்புச்சத்தும் அதே கதைதான், தாய்க்கு டானிக் ஊத்தினா குட்டிக்கு போய் சேராது, மூணாம் நாள் குட்டிக்கே ஊசி போடணும்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். கொழுப்பு ஜாஸ்தின்னா உங்க தீவனத்தைப் பாருங்க. ஆனா நோஞ்சான் மட்டுமில்லாம எல்லாக் கறியும் வெளுத்து தண்ணியா இருக்குன்னு சொன்னா பெரும்பாலும் வெட்டுற அன்னிக்கு பண்ண வேலை தான், மத்தியான வெயில்ல வண்டியில நெருக்கி ஏத்தி அடிச்சு இறக்கினா அப்படித்தான் ஆகும். அதுக்கு சினையில போட்ட தீவனம் என்ன பண்ணும்? ஏத்துறதை விடியகாலைக்கு மாத்திப் பாருங்க.