இலங்கையில அரச ஆஸ்பத்திரி இலவசம்தானே, மலையகத் தமிழருக்கு அதுல என்ன பாகுபாடு?

இலவசம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா எங்க அம்மா கிளினிக் போறதுன்னா அன்னிக்கு பேர் கெடையாது, அதாவது வேலைக்கு வந்ததா கணக்கு இல்ல, அன்னிக்கு சம்பளம் போச்சு, தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) இருந்து மெயின் ரோட்டுக்கு எறங்கவே முக்கால் மணித்தியாலம், பிறகு பஸ், பிறகு நம்பர் எடுத்துட்டு மத்தியானம் வரைக்கும் பெஞ்சுல. அதனால பாதி தடவ போகவே மாட்டாங்க.

1948ல எங்காளுங்க குடியுரிமைய பறிச்சாங்க, ஓட்டு இல்லாதவனுக்கு எவன் ஆஸ்பத்திரி கட்டுவான், வைத்தியமெல்லாம் தோட்டத்து பொறுப்புன்னு விட்டுட்டாங்க. டிஸ்பென்சரில இருக்கவர டொக்டர் ஐயான்னுதான் கூப்புடுவோம், எம்பிபிஎஸ் படிச்சவர் இல்ல. ராத்திரி அவசரம்னா தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறிதான். குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ல சட்டம் வந்துச்சு, தோட்ட ஆஸ்பத்திரிகள அரசாங்கம் எடுக்குற வேலை இன்னும் முழுசா முடியல. டிக்கோயால இந்தியா உதவில ஒரு ஆஸ்பத்திரி கட்டி 2017ல தெறந்தாங்களே, அது நல்ல காரியம்தான், ஆனா கிட்ட இருக்கவங்களுக்கு.

எனக்கு உறுத்துறது பாஷைதாங்க. அம்மாவுக்கு சீனி வருத்தம், அதான் சர்க்கரை நோய். மருந்து கவர்ல எல்லாமே சிங்களத்துல கிறுக்கியிருக்கும். சாப்பாட்டுக்கு முந்தி போடுற குளிசைய பிந்தியும், காலைல ஒண்ணுன்னு இருக்குறத ரெண்டு நேரமும் போட்டுட்டு ஒருநாள் மலையில கொழுந்து எடுக்கும்போதே மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனா அங்க "ஏன் சொன்னத கேக்கல"ன்னு சிங்களத்துல ஏசுறாங்க, அம்மாவுக்கு அந்த ஏச்சும் வெளங்கல, தலையாட்டிட்டு வந்துட்டாங்க. 1987ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச மொழியாச்சு, எங்க நுவரெலியா மாவட்டத்துல பாதிக்கு மேல தமிழாளுங்க, ஆனா அந்த சின்ன கவர்ல ரெண்டு எழுத்து தமிழ் இல்ல. எல்லாரும் அப்படின்னு சொல்ல மாட்டேன், ஒரு சிங்கள மிஸ்ஸி (நர்ஸ்) "காலையில, ராவைக்கு"ன்னு வெரல மடக்கி மடக்கி சொல்லிக் குடுப்பாங்களாம், அவங்க மாத்தலாகிப் போனதுல அம்மாவுக்கு ரொம்ப கவல.

இப்ப நான் கொழும்புல கடைல நிக்கிறேன், சிங்களம் வாசிப்பேன். அம்மா கவர போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போடுவாங்க, நான் வொய்ஸ்ல சொல்லிருவேன். இது தெரிஞ்சு இப்ப பக்கத்து காம்பரா அத்தை, கீழ் லயத்து தாத்தா எல்லார் கவரும் எனக்குத்தான் வருது, நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு ஒண்ணு வந்துச்சு, போட்டோ ஆடிப்போய் ஒண்ணுமே தெரியல, மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன்.