அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் கடனுக்காகச் சிறை சென்றது உண்மையா?

உண்மைதான். ஜேம்ஸ் வில்சன், அதுவும் பதவியில் இருக்கும்போதே. ஆனால் அவரை அந்த ஒரு சம்பவத்தோடு நிறுத்திவிடுவது பெரிய அநியாயம்.

1742-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பிலடெல்பியாவுக்கு வந்து ஜான் டிக்கின்சனிடம் சட்டம் பயின்று, பென்சில்வேனியாவில் பேர்பெற்ற வழக்கறிஞரானார். சுதந்திரப் பிரகடனம், அரசியலமைப்பு இரண்டிலும் கையெழுத்திட்ட ஆறு பேரில் ஒருவர்.

அமெரிக்க அரசியலமைப்பை வரைந்த 1787 மாநாட்டில்தான் அவருடைய முழு உயரமும் தெரிகிறது. நாட்டின் நிர்வாகத் தலைவர், அதாவது அதிபர், ஒருவராகவே இருக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். சபை ஏற்காததால், மக்கள் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் யோசனையை மறுநாளே வைத்தார். மாநிலங்களின் பிரதிநிதித்துவத்துக்காக மக்கள்தொகையை எண்ணும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடும் ஏற்பாட்டை முன்மொழிந்தவரும் இவரே. மக்களாட்சியை அவ்வளவு நம்பியவர் செய்த இந்தக் காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1789-இல் வாஷிங்டன் அவரை நீதிபதியாக்கினார். ஆனால் கடன்பட்டு வாங்கிக் குவித்த நிலங்கள் கழுத்தை நெரித்தன. 1797-இல் கடன்காரர்கள் நியூ ஜெர்சியில் சிறை வைத்தனர், பிறகு வட கரோலினாவிலும். பதவியை விடாமலே 1798-இல் ஈடன்டன் ஊரில் இறந்தார்.

அவர் தீர்ப்புகளில் 1793-இன் சிஷோம் எதிர் ஜார்ஜியா வழக்கைப் படியுங்கள்: மாநில அரசின் மீதும் வேறு மாநிலக் குடிமகன் வழக்குத் தொடரலாம் என்றார். அதை முறியடிக்கவே அரசியலமைப்பின் 11-ஆவது திருத்தம் வந்தது.